அறப் பள்ளிக்கூடத்தின் கணக்கு: ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்

புலம்பெயர்ந்த நாடுகளில் இன்று ஊர்ச்சங்கம் இல்லாத ஊர் இல்லை, பழைய மாணவர் சங்கம் இல்லாத பாடசாலை இல்லை என்று சொல்லலாம். இவற்றில் பல, தாயகத்தில் வறிய பிள்ளைகளுக்காக ஏதோ ஒரு கல்விப் பணியை நடத்துகின்றன. முன்பள்ளி, மாலைநேர வகுப்பு, சிறுவர் இல்லம், மாதாந்தப் படிப்புச் செலவு என்று அதற்குப் பல வடிவம். தொடங்கும் அன்று படம் எடுக்கிறோம், முகநூலில் போடுகிறோம். ஐந்து வருடம் கழித்து அது என்னவாயிற்று என்று கேட்டால் குழுவில் இருந்தவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் வணிகமாணி படித்தவன். பிரித்தானியாவுக்கு அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டே கணக்கியல் பரீட்சைகளை எழுதி, இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்காளராக இருக்கிறேன். சிறிய கம்பனிகளினதும் சிறிய அறக்கட்டளைகளினதும் கணக்குகளைப் பார்ப்பதுதான் தொழில். அறப் பள்ளிக்கூடம் ஒன்று நடுவழியில் முறிந்து போகாமல் வளர்வதற்கு என்ன கணக்குப் பார்க்க வேண்டும், இதை வேறு இடங்களில் செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். அதற்கு முன் எங்களுடைய தோல்வியைச் சொல்லிவிட வேண்டும்.

2010 ஆம் ஆண்டு. வன்னியில் மக்கள் மீள்குடியேறிக்கொண்டிருந்த நேரம். நான் பொருளாளராக இருந்த ஒரு சிறிய அமைப்பு அங்கே மாலைநேரக் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு ஆசிரியர்கள், அறுபது பிள்ளைகள். அந்த வருடம் பணம் கேட்காமலே வந்தது. முகாம் படங்களைப் பார்த்துவிட்டு எங்களில் பலர் நித்திரை கொள்ளாமல் இருந்த காலம் அது. கொடுப்பது ஒருவகையில் எங்களுக்கே மருந்தாக இருந்தது. அடுத்த வருடம் நிலையங்கள் மூன்றாகின, பிள்ளைகள் 180 ஆயினர். கொப்பி, சப்பாத்து, பின்னேரம் பால், கடலை எல்லாம் கொடுத்தோம். 2013 இல் வரவு பாதியாகக் குறைந்தது. இதில் எவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவருக்கு வீட்டுக் கடன், இன்னொருவருக்கு மகளின் பல்கலைக்கழகம், வேறொருவர் தன் ஊர்க் கோயிலுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். 2014 ஓகஸ்ட் மாதம் இரண்டு நிலையங்களை மூடினோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

2018 இல் ஊருக்குப் போனபோது ஒரு கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொண்டது. அந்த வருடம் பரீட்சை எழுத இருந்தவர்களில் ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி என்று ஆசிரியர் எழுதியது எனக்கு நினைவிருந்தது. "சேர், அன்ரி சுகமோ, பிள்ளையள் சுகமோ" என்று கேட்டாள். வகுப்பைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்து அந்த நாலு வருடக் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு சதம் பிழையில்லை. வரவு, செலவு, வங்கி மீதி எல்லாம் சரி. ஆனால் ஐந்தொகையில் எழுதப்படாத பொறுப்பு ஒன்று இருந்தது. அது அந்த 180 பிள்ளைகள்.

சேர்க்கும் நாளிலேயே முழுச் செலவு

நாங்கள் வழமையாகப் பார்ப்பது இந்த வருடச் செலவை மட்டும்தான். ஓர் உதாரணம் தருகிறேன். ஆறாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்துச் சாதாரண தரம் வரை ஆறு வருடம் படிப்பிக்கும் மாலைநேர நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் சம்பளம், வாடகை, கொப்பி எல்லாம் சேர்த்து மாதம் 4000 ரூபாய் என்று வைப்போம். வருடம் 25 பிள்ளைகளைச் சேர்க்கிறீர்கள்.

முதல் வருடச் செலவு 12 இலட்சம். குழுவில் எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அடுத்த வருடம் அந்த 25 பேர் ஏழாம் வகுப்புக்குப் போக, புதிதாக 25 பேர் வருகிறார்கள். மூன்றாம் வருடம் 75, ஆறாம் வருடம் 150. அப்போது வருடச் செலவு 72 இலட்சம். அதாவது நீங்கள் எந்தப் புதுத் திட்டமும் தொடங்காமல், எந்தக் கூட்டத்திலும் கை உயர்த்தாமல், முதல் வருடம் எடுத்த முடிவே ஆறாம் வருடம் ஆறு மடங்காகி வந்து நிற்கிறது. ஆசிரியர் சம்பளமும் விலைவாசியும் வருடம் 8 வீதம் ஏறினால் அந்த 72 இலட்சம் ஒரு கோடியைத் தாண்டிவிடும்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்கு ஆறு வருடத்துக்கு 2 இலட்சத்து 88 ஆயிரம். முதல் நாள் 25 பிள்ளைகளின் பெயரை இடாப்பில் எழுதும்போதே 72 இலட்சத்துக்கு நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். கையில் இருப்பது 12 இலட்சம் மட்டுமே. கணக்கியல் சட்டப்படி இதை ஐந்தொகையில் கடனாகக் காட்டத் தேவையில்லை. காட்டத் தேவையில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது. இப்போது எங்கள் அமைப்பின் ஒவ்வொரு கணக்கறிக்கையின் கீழும் ஒரு வரி சேர்க்கிறேன்: "ஏற்கனவே சேர்த்த பிள்ளைகளைப் படித்து முடிக்க வைக்க இன்னும் தேவைப்படும் தொகை." குழுக் கூட்டத்தில் முதலில் எல்லோரும் பார்ப்பது அந்த வரியைத்தான். வங்கி மீதியைப் பிறகுதான் பார்க்கிறார்கள்.

வருடம் ஒரு வகுப்பு: பாலிகானப்பள்ளி

இப்படி வகுப்பு வகுப்பாக வளர்ந்த பள்ளிக்கூடம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒசூருக்குப் பக்கத்தில், பாலிகானப்பள்ளி என்ற கிராமத்தில் உள்ள சாந்தி பவன். கேரளத்தில் பிறந்து, இந்திய இராணுவத்தில் இருந்து, பிறகு அமெரிக்கா போய்த் தொழிலதிபரான ஏபிரகாம் ஜோர்ஜ் 1997 இல் இதைத் தொடங்கினார். மிக வறிய, பெரும்பாலும் தலித் குடும்பங்களின் பிள்ளைகளை நாலு வயதளவில் சேர்த்து, அங்கேயே தங்கவைத்து, பள்ளிப் படிப்பு முடிந்து பல்கலைக்கழகமும் முடித்து வேலைக்குப் போகும் வரை செலவை ஏற்கிறார்கள். 2017 இல் நெட்பிளிக்ஸில் வந்த ஆவணத் தொடர் மூலம் பலர் இதை அறிந்திருப்பார்கள்.

கணக்காளன் கண்ணுக்கு அங்கே பட்ட முதல் விடயம், வருடத்துக்கு ஏறக்குறைய 24 பிள்ளைகளைத்தான் சேர்க்கிறார்கள் என்பது. ஆணும் பெண்ணும் சரிபாதி. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும். சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் வறிய பிள்ளைகள் இருக்கும்போது 24 பேர் மட்டும் என்பது கல்நெஞ்சமாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நாலு வயதில் சேர்க்கும் பிள்ளை பல்கலைக்கழகம் முடிக்கப் பதினேழு வருடமாவது ஆகும். 24 ஐப் பதினேழால் பெருக்கிப் பாருங்கள், 400 பிள்ளைகளுக்கு மேல் வரும். வாசலில் 24 என்று தெரிவது, உள்ளே 400 பேருக்கு மூன்று நேரச் சாப்பாடு, உடுப்பு, படுக்கை, ஆசிரியர், மருந்து.

இவ்வளவு கவனமாக இருந்தும் அந்தப் பள்ளிக்கூடம் ஒருமுறை மூடும் நிலைக்கு வந்தது. தொடக்கத்தில் செலவின் மிகப் பெரும் பகுதியை நிறுவியவர் தன் சொந்தச் செல்வத்தில் இருந்தே கொடுத்தார். 2008 நிதி நெருக்கடியில் அந்தச் செல்வம் அடிபட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை, பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். ஆனால் அமெரிக்க வங்கிகள் விழுந்ததால் ஒசூர்ப் பக்கத்துச் சமையலறையில் அரிசி கேள்விக்குறியானது. அதன் பிறகுதான் வெளியில் பலரிடம் நிதி திரட்டும் வேலையை அவர்கள் முறையாகத் தொடங்கினார்கள். இன்று பல நூறு கைகள் தாங்குகின்றன.

எங்கள் சங்கங்களில் இதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. "அவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்" என்று சொல்லப்படும் ஒரு கடைக்காரரோ ஒரு வைத்தியரோ எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார். நல்ல மனிதர். மொத்த வரவில் பாதி அவருடையது. அவருக்கு ஒரு மாரடைப்பு வந்தால் பள்ளிக்கூடத்துக்கும் வருகிறது. என் நடைமுறை விதி ஒன்று: எந்த ஒரு தனி நபரிடம் இருந்தும் வருடச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நாளாந்தச் செலவுக்கு எடுப்பதில்லை. அதற்கு மேல் அவர் தந்தால் மறுப்பதில்லை, ஒதுக்க நிதிக்குள் போட்டுவிடுவேன்.

எங்கள் மண்ணிலேயே நடந்தது

வெளிநாட்டுப் பணத்தில் பள்ளிக்கூடம் நடத்துவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி ஆசியாவிலேயே பேசப்பட்ட உயர்கல்வி நிலையமாக இருந்தது. மிசன் விடுதிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் உள்ள ஒருவர் வருடந்தோறும் பணம் அனுப்புவார். பிள்ளைக்கு அந்தக் கொடையாளியின் பெயர் சூட்டப்படும். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற பெயர்கள் வந்த வழி அதுதான். இன்று நாங்கள் "ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்போம்" என்று நோட்டீஸ் அடிக்கும் திட்டத்துக்கு இருநூறு வருட வயது.

அந்தச் செமினரி 1855 இல் மூடப்பட்டது. மாணவர் இல்லாததால் அல்ல. பொஸ்ரனில் இருந்த தலைமைச் சபையின் தூதுக்குழு அந்த வருடம் வந்து பார்த்தது. ஆங்கில உயர்கல்வியை விடச் சமயப் பரப்பலுக்கும் தாய்மொழிக் கல்விக்கும் பணம் போக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கொள்கை மாறியது, கதவு சாத்தப்பட்டது. உள்ளூர் மக்கள் விடாமல் கேட்டு 1872 இல் அது யாழ்ப்பாணக் கல்லூரியாக மீண்டும் எழுந்தபோது, வருடா வருடம் பொஸ்ரன் சபையின் மனநிலையை நம்பியிராமல் தனியான மூலதன நிதி ஒன்றும் சேர்க்கப்பட்டது. முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் கல்லூரிக்கு உதவுவது என்ற ஏற்பாடு நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது.

நன்கொடையாளரின் விருப்பம் மாறும். போர் முடிந்த கையோடு கல்வி, பிறகு வீடு, பிறகு கொரோனாக் காலத்தில் உலருணவு, இப்போது மருத்துவம் என்று எங்கள் மனமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறு வருடம் ஆறு வருடம்தான்.

கட்டடத்தைப் பற்றி

இதில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் நினைவாக ஒரு மண்டபம் கட்டித் தருகிறேன் என்று வருபவரை எந்தச் சங்கமும் திருப்பி அனுப்புவதில்லை. பெயர்ப்பலகை, திறப்பு விழா, பொன்னாடை. அந்த மண்டபத்துக்குள் படிப்பிக்கும் ஆசிரியைக்கு மாதச் சம்பளம் தருகிறேன் என்று வருபவர் மிகக் குறைவு. சம்பளத்துக்குப் பலகை வைக்க முடியாது அல்லவா.

கட்டடம் ஒரு சொத்து என்று நினைக்கிறோம். அறப் பள்ளிக்கூடத்துக்கு அது செலவைப் பெற்றெடுக்கும் சொத்து. மின்சாரம், காவலாளி, கூரை திருத்தம், வெள்ளையடிப்பு என்று வருடா வருடம் கேட்கும். நான் பார்த்த அளவில் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு மூன்று, நாலு வீதமாவது வருடந்தோறும் பராமரிப்புக்கு ஒதுக்காத கட்டடம் பத்து வருடத்தில் அழுதுவிடும். இன்னொன்றும் உண்டு. கட்டடத்துக்கென்று கேட்டுச் சேர்த்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுக்கப் பிரித்தானிய அறக்கட்டளைச் சட்டம் இடம் தராது; அது நோக்கம் கட்டப்பட்ட நிதி. வங்கியில் இலட்சக்கணக்கில் கிடக்கும், ஆசிரியருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கியாக இருக்கும். இந்த விசித்திரத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கில் கண்டிருக்கிறேன். ஆகவே நிதி கேட்கும் நோட்டீசிலேயே "கட்டடத்துக்கும் அதை நடத்தும் செலவுக்கும்" என்று எழுதுங்கள். ஒரு வரி போதும்.

கட்டடம் இல்லாமலும் பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று காட்டியவர்கள் வங்காளதேசத்தின் பிராக் அமைப்பினர். 1985 இல் 22 ஒற்றை அறைப் பள்ளிகளுடன் தொடங்கினார்கள். கிராமத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுப்பார்கள். முப்பது பிள்ளைகளளவில், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அதே ஊரில் படித்த ஒரு பெண்ணே ஆசிரியை. அந்த ஓர் ஆசிரியையே அந்தப் பிள்ளைகளை ஆரம்பக் கல்வி முடியும் வரை கொண்டுசெல்வார். அந்தத் தொகுதி முடிந்ததும் தேவை இருந்தால் இன்னொரு தொகுதி, இல்லாவிட்டால் அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கிராமத்துக்குப் போவார்கள். கணக்குக் கண்ணால் பார்த்தால் இது அழகான ஏற்பாடு. எடுத்த பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு முழுமையாக நிறைவேறுகிறது, அதற்கு மேல் எந்தச் சுமையும் தலையில் ஏறவில்லை. வன்னியிலும் மலையகத் தோட்டங்களிலும் பிள்ளைகள் இடம் மாறும் ஊர்களுக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

கட்டடம் கட்டியே பெரிதாக வளர்ந்தவர்களும் உண்டு. பாகிஸ்தானில் 1995 இல் கராச்சியைச் சேர்ந்த சில தொழில்துறைக்காரர் சேர்ந்து தொடங்கிய சிற்றிசன்ஸ் பவுண்டேசன், சேரிப்புறங்களில் ஐந்து பள்ளிகளுடன் ஆரம்பித்தது. ஏறக்குறைய இருபது வருடத்தில் ஆயிரம் பள்ளி அலகுகளை எட்டியது. 2014 இல் மக்சாய்சாய் விருது கிடைத்தது. அவர்களுக்கும் புலம்பெயர்ந்த பாகிஸ்தானியரே பெரும் பலம். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கனடாவிலும் கிளைகள் இருக்கின்றன. அவர்களிடம் நான் கவனித்தவை இரண்டு. ஆசிரியர்கள் எல்லோரும் பெண்கள், அவர்களைக் கூட்டிவர வேன் ஏற்பாடு உண்டு; வேன் செலவைச் சிக்கனப்படுத்தினால் ஆசிரியை வரமாட்டார், ஆசிரியை இல்லாவிட்டால் பெண்பிள்ளையைப் பெற்றோர் அனுப்பமாட்டார்கள். மற்றது, கட்டணம் முற்றிலும் இலவசமல்ல. குடும்பம் தன்னால் இயன்ற சிறு தொகையைக் கட்டுகிறது. அந்தத் தொகையால் பள்ளிக்கூடம் ஓடாது. ஆனால் காசு கட்டும் தாய், ஆசிரியை வராத நாளில் ஏன் என்று வந்து கேட்பார். எங்கள் ஊர்களிலும் பிடியரிசி சேர்த்துப் பொதுக்காரியம் நடத்திய வழக்கத்தில் இந்த அறிவு இருந்தது. இப்போது எங்கள் நிலையத்தில் பெற்றோர் மாதம் 100 ரூபாய் கட்டுகிறார்கள். முடியாதவர்கள் ஒரு நாள் வந்து வளவைக் கூட்டித் தருகிறார்கள்.

ரூபாய் ஏறும்போது ஏமாறாதீர்கள்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்களுக்கு அது திடீரென்று வந்த செல்வம்போல இருந்தது. அதே பவுணுக்கு இரண்டு மடங்குக்குக் கிட்ட ரூபாய். சில சங்கங்கள் உடனே பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டின. ஆனால் அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். கொப்பி, பஸ், பால்மா எல்லாம் ஏறின. 2023 நடுப்பகுதியில் டொலர் 300 அளவுக்கு இறங்கியது. ஏறிய விலைகள் இறங்கவில்லை. இரண்டு பக்கத்தாலும் நெருக்கம்.

அந்த நேரம் எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம். நான் கேட்டது ஒன்றுதான்: நாணய மாற்றால் கூடுதலாகக் கிடைத்ததைப் புதுப் பிள்ளைகளுக்குச் செலவழிக்க வேண்டாம், ஏற்கனவே இருக்கும் ஆசிரியர்களின் சம்பளத்தைக் கூட்டிவிட்டு மிச்சத்தை ஒதுக்கத்தில் போடுவோம். அந்தக் காலத்தில் வடக்கில் இருந்து எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது தெரியும்தானே. எங்கள் இரு ஆசிரியைகளும் போகவில்லை. சம்பளம் மட்டும் காரணமாக இருக்காது, ஆனால் அதுவும் ஒரு காரணம்.

ஒதுக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். சாதாரண அறக்கட்டளைகளுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று சொல்வது வழமை. பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு அது போதாது. வருடத்தின் நடுவில் மூட முடியாது; ஒரு முழுக் கல்வியாண்டின் செலவு வங்கியில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், வரவு நின்றுபோனாலும் அந்த வருடப் பரீட்சைப் பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு மற்றவர்களுக்கு வேறு வழி தேட அவகாசம் கிடைக்கும். 2014 இல் எங்களிடம் இருந்தது ஏழு வாரச் செலவு.

பணம் வரும் வழி

இராப்போசன விருந்து, கலைமாலை, றஃபிள் ரிக்கற் எல்லாம் நல்லவை, சனம் சந்திக்கும். ஆனால் மண்டபம், சாப்பாடு, ஒலியமைப்புக் கழித்தால் மிஞ்சுவதைப் பார்த்தால் சில வேளை அழுகை வரும். மாதச் சம்பளத்துக்கு மாத வரவுதான் வேண்டும். பத்துப் பவுண் ஸ்ராண்டிங் ஓடர் நூறு பேரிடம் இருந்தால் மாதம் ஆயிரம். அவர்கள் இங்கே வருமான வரி கட்டுபவர்களாக இருந்து, கிஃப்ட் எயிட் படிவத்தில் ஒப்பமிட்டால், பதிவு பெற்ற அமைப்புக்கு ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசு சேர்த்துத் தரும். ஆயிரம், 1250 ஆகிறது. கேட்காமல் விடப்படும் காசு இது. எத்தனையோ சங்கங்கள் படிவம் வாங்க வெட்கப்பட்டு வருடா வருடம் இழக்கின்றன.

அனுப்பும் வழியும் முக்கியம். உண்டியலில் போட்டால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறக்கட்டளைப் பணத்தை ஒருபோதும் அப்படி அனுப்பாதீர்கள். வங்கிச் சீட்டு இல்லாத பணத்துக்குக் கணக்கு இல்லை. கேள்வி வரும் நாளில் பொறுப்பாளர்களே சொந்தப் பையில் இருந்து பதில் சொல்ல வேண்டி வரலாம். இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் அங்குள்ள வெளிநாட்டு நிதிச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2020 திருத்தத்தின் பின் அந்தப் பணம் டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வரவேண்டும், நிர்வாகச் செலவு 20 வீதத்தைத் தாண்டக்கூடாது, பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

இலங்கையைப் பொறுத்தவரை ஒரு சட்ட விடயத்தைப் பலர் அறியாமல் திட்டம் போடுகிறார்கள். 1960, 1961 சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, 5 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதும் தடுக்கப்பட்டது. இன்று காணும் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஆகவே நாங்கள் "பள்ளிக்கூடம்" என்று சொன்னாலும் நடைமுறையில் நடத்தக்கூடியது முன்பள்ளி, மாலைநேர நிலையம், விடுதி, அல்லது அரசுப் பாடசாலைக்குத் துணைநிற்பது. இதில் குறை ஒன்றும் இல்லை. கட்டடம், பாடநூல், காலை ஆசிரியர் எல்லாம் அரசு தருகிறது. அது விடும் இடைவெளியை நிரப்புவதற்குக் குறைந்த பணம் போதும்.

எங்கள் எஞ்சிய நிலையம் இப்போதும் ஓடுகிறது. 64 பிள்ளைகள். சென்ற மாதக் கூட்டத்தில் இங்கே பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர், ஏன் அங்கிள் இன்னும் 64, ஏன் 200 இல்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கறிக்கையின் கடைசி வரியைக் காட்டினேன். கனநேரம் பார்த்தார். ஆறாம் வகுப்புக்கு இந்த முறை 31 பெயர்கள் வந்திருக்கின்றன. கையில் உள்ள கணக்கின்படி 12 பேரைத்தான் சேர்க்கலாம். யாரை என்று தெரிவு செய்வதை ஆசிரியையிடம் விட்டிருக்கிறோம். அவர் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

மிச்சம் 19 பெயர்கள் என் கோப்பில் இருக்கின்றன. பவுணுக்கு 400 ரூபாய் என்று வைத்தால் பிள்ளைக்கு மாதம் பத்துப் பவுண், 19 பேருக்கு 190. கிஃப்ட் எயிட்டுடன் பத்துப் பவுண் தரக்கூடிய பதினாறு பேர், ஆறு வருடத்துக்கு. அதற்கு முன் ஒதுக்கத்துக்கு 2280 பவுண். அந்தத் தம்பி இதுவரை ஒன்பது பேரைப் பிடித்திருக்கிறார்.